பூட்டு டீ குடிக்கவில்லை

தூக்குவதற்கு முன்னால் கண்ணாடியின் முதுகில் விரல் முட்டியால் இரண்டு தட்டு. காதைச் சாய்த்து அது சொல்லும் பதிலைக் கேட்ட பிறகுதான் பூட்டு அதன்மேல் கை வைப்பாள். உள்ளே விரிசல் ஓடிய கண்ணாடி வேறு மாதிரி பேசுமாம். "நல்லா இருக்கியான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தொடணும். இல்லைன்னா அது நம்ம கையைத்தான் கேக்கும்" என்பாள். ஆட்டம் தொடங்குமுன் கோல் கம்பத்துக்கும் இதே இரண்டு தட்டு உண்டு. இரும்புக் கம்பம் எங்கே விரிசல் விடப்போகிறது? கை பழகிவிட்டது, அவ்வளவுதான்.

வாரம் முழுக்கக் கண்ணாடிக் கடையில் வேலை, சனிக்கிழமையானால் பெண்கள் கால்பந்து லீக்கில் கோல்கீப்பர். பூட்டு என்பது எதிரணிக்காரிகள் வயிற்றெரிச்சலில் வைத்த பெயர். "அங்க ஒரு பூட்டுத் தொங்குதுடி, பந்து எங்கேயிருந்து உள்ள போகும்?" என்று ஒருத்தி நடு மைதானத்தில் தலையிலடித்துக்கொள்ள, அது காதில் விழுந்த சொந்த அணிக்காரிகள் விடுவார்களா? அன்றிலிருந்து கடை முதலாளி, கட்டிய கணவர், தெருமுனை மருந்துக் கடைக்காரர் எல்லோருக்கும் அவள் பூட்டுதான். வயதில் சின்னவர்களுக்குப் பூட்டக்கா. ஆளைப் பார்த்தால் கோல்கீப்பர் என்று சொல்லமாட்டீர்கள். நடுத்தர உயரம், தோள் மட்டும் கொஞ்சம் அகலம், வாய் அதைவிட அகலம். கோலில் நின்று அவள் "விடு, என் பந்து!" என்று கத்தினால் பக்கத்துத் தெருவில் சைக்கிளில் போகிறவர்கூட எதையாவது விட்டுவிடுவார்.

கடையில் ஒரு சட்டம், மைதானத்தில் ஒரு சட்டம். கை நழுவிய கண்ணாடியைப் பிடிக்கப் போகாதே, விழட்டும், நீ விலகிக்கொள் என்பதுதான் கண்ணாடிக் கடையில் முதல் பாடம். கோலிலோ எது வந்தாலும் பிடி. புதிதில் சேர்ந்தபோது ஒரு பெரிய நிலைக்கண்ணாடி சரிந்ததைக் கண்டு இவள் பாய்ந்து பிடிக்கப் போனாள். முதலாளி அலறிவிட்டார். "அம்மா தாயே, இது பந்து இல்ல! போனா போகட்டும், கண்ணாடிக்குக் காசு இருக்கு, உன் கைக்கு எங்கிட்ட விலை இல்ல!" அதற்குப் பிறகு எது நழுவினாலும் பூட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி நிற்பாள். பார்க்கப் பாவமாக இருக்கும்.

மாட்டி முடித்த கண்ணாடியை ஒருபக்கமாக நின்று வெளிச்சத்துக்கு நேரே பார்ப்பாள். ஒரே ஒரு விரல்ரேகை தெரிந்தாலும் வாயால் ஊதி, துணியால் தேய்த்துவிட்டுத்தான் அந்த இடத்தை விட்டு நகர்வாள். "நம்ம கை பட்டது தெரிஞ்சா அது அரைகுறை வேலை" என்பது அவள் கட்சி. அவளுடைய கைத்தடத்தை அடையாளம் காண நிபுணர் யாரும் தேவையில்லை. வலது சுண்டுவிரல் மற்ற நாலோடு சேராமல் வெளியே பார்த்துத் திரும்பி நிற்கும். ஒரு பெனால்ட்டியைத் தடுத்ததில் முறிந்த விரல். டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார். இவள் அடுத்த வாரமே போய் கோலில் நின்றாள். எலும்பு தன் இஷ்டத்துக்கு ஒட்டிக்கொண்டது. "பந்து உள்ள போச்சா? போகலல்ல? அப்புறம் என்ன?" என்று அந்த விரலையே ஆட்டிக் காட்டுவாள்.

அப்படிப்பட்டவளின் கையுறை ஒரு மாதமாகச் சமையலறை ஜன்னலில் காய்ந்துகொண்டிருக்கிறது. பூட்டை லீக் சஸ்பெண்ட் செய்துவிட்டது. காரணம், மேல் மாடிக்காரன்.

பூட்டு குடியிருக்கும் கட்டடத்தின் மேல் மாடியிலிருந்து ஒரு சத்தம் வருவது கட்டடத்துக்கே தெரியும். அவன் மனைவியை அடிக்கும் சத்தம். கேட்டதும் எல்லா வீட்டிலும் டிவியின் சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள். நமக்கேன் வம்பு என்கிற பொல்லாத ஒற்றுமை அது. பூட்டும் பல மாதம் கூட்டியவள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாடிப்படிக்குக் கீழே வாளித் தண்ணீரில் கையுறையை நனைத்து, கையில் மாட்டியபடியே சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேலே கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. கண்ணாடி என்றால் அவளுக்குத் தெரியாதா, தரையில் விழுந்து உடைந்ததற்கும் ஒருவர்மேல் பட்டு உடைந்ததற்கும் உள்ள வித்தியாசம்? அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதிதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது.

ஈரக் கையுறையோடு படியேறினாள். தாழ்ப்பாள் போட்டிருந்த கதவைத் தோளால் ஒரு மோது மோதித் திறந்தாள். உள்ளே அந்தப் பெண்ணின் தலைமுடி அவன் கையில் சுற்றியிருந்தது, அவள் நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்தது. பூட்டு செய்தது ஒன்றே ஒன்றுதான். கார்னரிலிருந்து வரும் பந்தை இரண்டு முஷ்டியையும் சேர்த்து வெளியே குத்தித் தள்ளுவார்களே, அந்தக் குத்து. மாடிக்காரன் கதவு நிலையில் போய் மோதினான், தோள்பட்டை எலும்பு முறிந்தது. "பந்தா இருந்தா பாதி மைதானம் போயிருக்கும்" என்று பின்னால் கணவரிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்த மகானுபாவன் நேரே போலீசுக்குப் போனான். நான் பாட்டுக்கு டிவி பார்த்துக்கொண்டிருந்தேன், என் மனைவி கைதவறிக் கண்ணாடி டம்ளரை உடைத்துக்கொண்டாள், இந்தப் பொம்பளை வீடு புகுந்து அடித்தாள் என்று புகார். பூட்டின்மேல் வழக்குப் பதிவானது. மாடி வீட்டுப் பெண் தன் அக்கா வீட்டுக்குப் போய், அங்கிருந்து தைரியம் வந்து அவன்மேல் தனியாக ஒரு புகார் கொடுத்தாள். நடந்ததைக் கண்ணால் பார்த்த ஒரே சாட்சி பூட்டுதான். பேப்பரிலோ ஒரு மூலையில், "பக்கத்து வீட்டுக்காரரைத் தாக்கிய கால்பந்து வீராங்கனை" என்று மட்டும் வந்தது. அன்று சாயங்காலமே லீக்கிலிருந்து போன். ஆட்டத்துக்கு அவப்பெயர், வழக்கு முடியும்வரை சஸ்பெண்ட், மைதானத்துக்குள் கால் வைக்கக்கூடாது.

குற்றம் நிரூபணமாகும்வரை யாரும் குற்றவாளி இல்லை என்கிறது கோர்ட். லீக்குக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஆனால் அதற்கு ஒரு கருணையும் உண்டு, கேளுங்கள் அந்தக் கூத்தை. சஸ்பெண்ட் ஆனவர் ஒழுங்குக் கமிட்டியின் முன்னால் போய் உட்கார வேண்டும். மேஜைமேல் டீ வரும். தலையைக் குனிந்து "நடந்ததுக்கு மனசார வருந்துறேன், என் மேலதான் தப்பு" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். செயலாளர் அதை எழுதிக்கொள்வார், வந்தவர் டீயைக் குடிப்பார், சஸ்பென்ஷன் சுருங்கிவிடும். ஆட்டக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரே "டீ குடிச்சுட்டு வர்றது"தான்.

ஆண்கள் ஆட்டத்துக்கும் இதே கமிட்டிதான். ஆண்கள் அணியின் நட்சத்திர ஸ்ட்ரைக்கர் டீ குடித்தவர். அதற்கு முன்னால் வேறொன்றைக் குடித்துவிட்டு வண்டி ஓட்டி, ரோடு கடந்துகொண்டிருந்த தபால்காரரின் காலில் ஏற்றியவர். மறுநாளே கேமரா முன்னால் கண் கலங்கினார், அதற்கு மறுநாள் கமிட்டியில் டீ. இரண்டே ஆட்டம் வெளியே இருந்துவிட்டுத் திரும்பியபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. தபால்காரர் இன்னும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறார். அவருக்கு யாரும் டீ கொடுத்ததாகத் தெரியவில்லை.

பூட்டுக்கும் டீ தயாராகத்தான் இருந்தது. வருகிற சனிக்கிழமை ஃபைனல். இத்தனை வருஷத்தில் அவளுடைய அணி ஃபைனலை எட்டிப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவளுக்கு வயது முப்பத்தேழு. கோர்ட் வழக்கு முடிவதற்குள் முழங்கால் முடிந்துவிடும் என்று அவளுக்கே தெரியும். வெள்ளிக்கிழமைக்குள் கமிட்டியில் ஒரு வார்த்தை சொன்னால் ஆடலாம். சொல்லாவிட்டால் அவளுடைய ஆட்டம் சொல்லிக்கொள்ளாமலே முடிந்தது. அவளுக்கு ஆசையில்லை என்று யாராவது சொன்னால் அது பச்சைப் பொய். ஒரு மாதமாகக் கையுறையை மாட்டிக்கொண்டுதான் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள், தேய்த்ததும் மறுபடி ஜன்னலில் காயப்போடுகிறாள்.

அணியின் கேப்டன் பகலில் நர்ஸ். டியூட்டி உடுப்போடு கடைக்கே வந்துவிட்டாள். "பூட்டக்கா, டீதானே? கண்ணை மூடிக்கிட்டு மடக்குன்னு குடிச்சுட்டு வந்துடுங்க. நீங்க இல்லாம கோல்ல யாரை நிறுத்துறது? ஓரத்துல ஓடுற நம்ம விங்கரை நிறுத்திப் பார்த்தோம். பந்து வந்தா முகத்தைத் திருப்பிக்கிறா!"

பூட்டு சிரித்துவிட்டாள். பிறகு கண்ணாடி வெட்டும் கட்டரைக் கீழே வைத்தாள். "என் மேல தப்புன்னு நான் சொன்னா என்ன அர்த்தம்டி? அன்னிக்கு மாடியில ஒண்ணுமே நடக்கலைன்னு அர்த்தம். அவன் வக்கீல் அதைத் தூக்கிட்டுப் போய் கோர்ட்டுல வைப்பான். அந்தப் பொண்ணு கொடுத்த புகார் என்ன ஆகும்?"

"உங்களை மாதிரி யாரும் யோசிக்கமாட்டாங்கக்கா."

"அதான் அவன் அவ்வளவு நாள் அடிச்சான்."

கேப்டனுக்கு அழுகை வந்துவிட்டது, கோபமும் வந்தது. "எங்களைப் பத்தி யோசிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு விருட்டென்று போய்விட்டாள். அன்று மத்தியானம் பூட்டு ஒரு கண்ணாடியைக் கோணலாக வெட்டினாள். முதலாளி பார்த்தும் பார்க்காதது மாதிரி போய்விட்டார்.

மாடி வீட்டுப் பெண்ணே போன் செய்தாள். "அக்கா, எனக்காக உங்க ஆட்டத்தை விட்டுடாதீங்க. அவங்க கேக்கிறதைச் சொல்லிடுங்க. என் தலையெழுத்து, நான் பார்த்துக்கிறேன்."

"உனக்காகன்னு யாரு சொன்னா?" என்று பூட்டு எரிந்து விழுந்தாள். "என் கண்ணு பார்த்ததை என் வாயே இல்லைங்கணுமா? நீ பேசாம போனை வை. நேரத்துக்குச் சாப்பிடு."

கணவர் ஆஸ்பத்திரி கேன்டீனில் சமையல்காரர். நிதானமான மனுஷர். யாருக்கும் புத்தி சொல்லிப் பழக்கமில்லை. வியாழக்கிழமை சாப்பிடும்போது கேட்டார். "நாளைக்கு டீயா?"

"கையுறையை எடுத்து உள்ள வைங்க. வெயில்ல ரப்பர் வெடிச்சுடும்" என்றாள் அவள். அவர் எடுத்து வைத்தார்.

வெள்ளிக்கிழமைதான் வேடிக்கை. ஆண்கள் அணி பயிற்சியில் உதைத்த பந்து ஒன்று கமிட்டி அறையின் பெரிய ஜன்னலை உடைத்திருந்தது. லீக் அலுவலகத்தில் யாரோ போனை எடுத்து, அகப்பட்ட ஒரு கண்ணாடிக் கடையைக் கூப்பிட்டிருக்கிறார்கள். முதலாளி அளவெடுத்துக்கொண்டு வந்து, அசடு வழியச் சொன்னார். "வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டேன் பூட்டு. கமிட்டி உக்கார்றதுக்குள்ள மாட்டணுமாம். நான் வேற ஆளைப் பார்க்கட்டுமா?"

"எதுக்கு? எப்படியும் நான் போகணும்ல? ஆட்டோ செலவு மிச்சம்."

இப்படியாக, சஸ்பெண்ட் ஆன கோல்கீப்பர் தன் விசாரணைக்குத் தானே ஜன்னலைத் தூக்கிக்கொண்டு போனாள். வாசல் காவலாளிக்குக் கைகால் ஓடவில்லை. "அக்கா, உங்களை நாலு மணிக்குத்தான் உள்ள விடணும்னு உத்தரவு."

"நல்லது. நாலு மணி வரைக்கும் இதை நீ பிடிச்சுக்க" என்று கண்ணாடியை அவர் பக்கம் சாய்த்தாள். கதவு திறந்தது.

அறைக்கு இரண்டு கதவு. ஒன்று தெருப்பக்கம், ஒன்று மைதானத்துக்குள். மைதானத்தில் கால் வைக்கக்கூடாது என்ற உத்தரவைப் பூட்டு ஒரு மயிரிழைகூட மீறவில்லை. முதலாளி வெளியே மைதானப் பக்கம் நின்று தாங்கிக்கொள்ள, இவள் உள்ளே நின்று பொருத்தினாள். ஜன்னல் சட்டத்தின் ஓரம் முழுக்கப் பசையை வைத்து, கட்டைவிரலால் இழுத்துவிட்டாள். புதுக் கண்ணாடிக்கு அப்பால் கோல் கம்பம் தெரிந்தது. நாளைக்கு இந்நேரம் அங்கே விங்கர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பாள். பூட்டு உள்பக்கத்தை ஒரு ரேகைகூட இல்லாமல் துடைத்தாள். வெளிப்பக்கத்தை முதலாளி துடைத்துக்கொண்டிருந்தார்.

கமிட்டிக்காரர்கள் வந்துவிட்டார்கள். உள்ளங்கை முழுக்கப் பசையோடு நின்ற பூட்டு, கை கழுவ வேண்டும் என்றாள். செயலாளர் சங்கடமாக நெளிந்தார். "குழாய் மைதானப் பக்கம்மா. உங்களை அங்க விடக்கூடாது."

"சரி சார்" என்று அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டாள்.

டீ வந்தது. கமிட்டித் தலைவர் வயதானவர், நல்ல மாதிரி, சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். "எடுத்துக்கம்மா" என்றார்.

"கை அழுக்கு சார்."

செயலாளர் விஷயத்துக்கு வந்தார். அந்த மாடிக்காரரோடு பேசியாகிவிட்டது, நீங்கள் வருத்தம் தெரிவித்தால் அவரும் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வார், எல்லோருக்கும் நல்லது, நாளைக்கே ஆடலாம் என்று வழுக்கிக்கொண்டே போனார். "நம்ம ஸ்ட்ரைக்கரையே பாருங்க. எவ்வளவு பெரிய ஆட்டக்காரர். வந்தார், வருந்தினார், முடிஞ்சுது."

"அவர் வருந்த வேண்டியிருந்துச்சு, வருந்தினார். எனக்கு என்ன வந்துச்சு?"

"ஒருத்தர் எலும்பை உடைச்சிருக்கீங்க."

"ஆமா, உடைச்சேன். இல்லைன்னு நான் யார்கிட்டயும் சொல்லலையே. கோர்ட்டுல தண்டனை கொடுத்தா வாங்கிக்கிறேன். ஆனா கதவைத் திறந்தப்ப நான் பார்த்தது என்னன்னு இந்த ரூம்ல ஒருத்தராவது கேட்டீங்களா?"

கமிட்டியின் மூன்றாவது ஆள் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். அது உடைந்து டம்ளருக்குள் விழுந்தது.

தலைவர் முன்னால் சாய்ந்தார். அவருக்கு உண்மையாகவே அவளை ஆடவைக்க வேண்டும் என்ற எண்ணம். "தப்புன்னு சொல்ல வேண்டாம்மா. வருத்தம்னு மட்டும் சொல்லு. அது போதும். உனக்கு ஒரு வருத்தம்கூடவா இல்ல?"

பூட்டு தன் கைகளைப் பார்த்தாள். "இருக்கு சார். சொல்றேன், எழுதிக்குங்க."

செயலாளர் பேனாவை எடுத்தார். வெளியே ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்த முதலாளியின் கை நின்றுவிட்டது. உள்ளே நடப்பது அவருக்குக் கேட்காது. முகங்கள் மட்டும் தெரிந்தன.

"அந்தச் சத்தத்தைப் பல மாசமா கேட்டேன். கேட்டுட்டு டிவி சத்தத்தைக் கூட்டினேன். முதல் நாளே மாடி ஏறாம போனேன் பாருங்க, அதுக்கு வருத்தம். மனசார வருந்துறேன். எழுதுங்க சார், ஏன் நிறுத்திட்டீங்க?"

பேனா எழுதவில்லை. "இதை எழுத முடியாதும்மா" என்றார் செயலாளர்.

"அப்ப எங்கிட்ட வேற வருத்தம் இல்ல."

மூன்று பேரும் தலையைச் சேர்த்துக் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். நீண்ட நேரம்கூட ஆகவில்லை. தலைவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். கோர்ட் தீர்ப்பு வரும்வரை சஸ்பென்ஷன் நீடிக்கும்.

"அப்ப நாளைக்கு?"

"இல்லம்மா."

எதிரே டீ ஆடை கட்டி ஆறிப்போயிருந்தது. பூட்டு எழுந்து கருவிப் பையைத் தோளில் மாட்டினாள். தெருப்பக்கக் கதவு அவளுக்கு இரண்டடி தூரத்தில் இருந்தது. அவள் மேஜையைச் சுற்றிக்கொண்டு மைதானக் கதவுக்குப் போனாள்.

"அந்தப் பக்கம் போகக்கூடாது! நில்லுங்க!" என்று செயலாளர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

அவள் தாழ்ப்பாளை நீக்கி, படி இறங்கி, புல்லில் கால் வைத்தாள். நேரே ஜன்னலுக்கு வந்தாள். முதலாளி துடைத்து முடித்திருந்தார். கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குப் பளிச்சென்று இருந்தது. உள்ளேயிருந்து மூன்று முகங்களும் அவளையே பார்த்தன. பூட்டு முட்டியால் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு பசை காயாத வலது உள்ளங்கையைக் கண்ணாடியின் நட்டநடுவில், அவர்கள் முகத்துக்கு நேரே வைத்து அழுத்தினாள். எடுத்தபோது ஐந்து விரலும் அப்படியே அங்கே இருந்தன. சுண்டுவிரல் மட்டும் வெளியே பார்த்துத் திரும்பியிருந்தது.

உள்ளே செயலாளர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு வந்து அவசரமாகத் தேய்த்துப் பார்த்தார். வெளிப்பக்கத்துத் தடம் உள்ளேயிருந்து தேய்த்தால் போகுமா? வெளியே முதலாளியின் கை, பழக்கத்தில், துணியோடு கண்ணாடியை நோக்கிப் போனது. பூட்டு அவர் கையிலிருந்து அந்தத் துணியை வாங்கி, நாலாக மடித்து, தன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.